அரசு அங்கீகாரம் பெற்ற கற்றுக்குட்டி

எங்கள் வனத்துறைக் கிளை அலுவலகத்தின் பின்வாசலில் தொடங்கி, தண்ணீர்த் தொட்டி வரை போகும் காட்டுப் பாதையின் நீளம் ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர். ஒரு சின்னச் சரிவு, ஓர் ஓடை, அதன்மேல் பலகைப் பாலம், நான்கு வளைவுகள், மரவேர்கள் துருத்திக்கொண்டிருக்கும் ஓர் இடம். அவ்வளவுதான். அந்தப் பாதையில் போனவர்கள் யாருக்கும் இதுவரை ஒரு கெடுதலும் நேர்ந்ததில்லை. துறையின் மேலான கவனத்துக்கு அது வராமலே இருந்தது.

பிறகு ஊரில் காட்டுச் சைக்கிள் மோகம் வந்தது. தொப்பை விழுந்தவர்கள் எல்லாம் தடித்த டயர் சைக்கிள் வாங்கினார்கள். சைக்கிளைக் கார் கூரைமேல் கட்டி ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். தலைக்கவசம், விரலில்லாத கையுறை, மூச்சுவிட இடம் தராத கால்சட்டை, பாதி முகத்தை மறைக்கும் கண்ணாடி என்று சைக்கிளைவிட அலங்காரம் அமர்க்களப்பட்டது. எங்கள் இயக்குநரும் ஒன்று வாங்கி, தம் அறையில் கோப்பு அலமாரிமேல் சாய்த்து வைத்தார். மனு கொடுக்க வருகிறவர்கள் முதலில் சைக்கிளைப் பார்த்து வியக்க வேண்டும், பிறகுதான் மனுவை நீட்டலாம்.

ஆகவே, பொதுமக்களின் நலன் கருதி, மேற்படி பாதையைச் சைக்கிள் பாதையாக அறிவிப்பது என்று முடிவாயிற்று. ‘தொடக்கநிலையாளர்களுக்கு உகந்தது’ என்று பச்சை வண்ணத்தில் பலகைகூட எழுதியாகிவிட்டது. அதை நட முடியாமல் விதி பதினான்கு குறுக்கே நின்றது. தொடக்கநிலையாளர் ஒருவர், மூவர் குழுவின் முன்னிலையில், பாதை முழுவதையும் ஓட்டிக் கடந்தால்தான் அந்தப் பலகையை நடலாம். அவர் துறையின் ஊழியராக இருக்க வேண்டும். உயிரோடு திரும்ப வேண்டும் என்று விதியில் இல்லை. அதைக் குழு தன் பெருந்தன்மையால் சேர்த்துக்கொண்டது.

இயக்குநர், பொறியாளர், பாதுகாப்பு அலுவலர் மூவரும்தான் குழு. கூட்டம் போட்டார்கள். “நம்ம ஆபீஸ்ல சைக்கிள் ஓட்டத் தெரியாதவங்க யாரு?” என்று இயக்குநர் கேட்டார்.

ஊரே சைக்கிளில் பறக்கும்போது தெரியாது என்று யார் சொல்வார்கள்? பொறியாளர் தாம் மலையிலிருந்தே இறங்கியிருப்பதாகச் சொன்னார். பாதுகாப்பு அலுவலர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவாராம். ஓட்டுநர், தட்டச்சர், தோட்டக்காரர் எல்லோருமே நிபுணர்கள். மிச்சம் நான் ஒருவன்தான். சிறு வயதில் ஒரு சாக்கடையில் சைக்கிளோடு விழுந்தவன், அதோடு கும்பிடு போட்டுவிட்டேன். கையைத் தூக்கினேன்.

நான் யார் என்று சொல்ல வேண்டுமே. தபால் பிரிவில் பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னைப் பணியிலிருந்து நீக்கி மறுநாள் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். வீட்டில் மனைவி இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, “இந்தத் தடவை எப்ப வேலை போகுது?” என்று காய் நறுக்கிக்கொண்டே விசாரிப்பாள்.

“பாதைக்குச் சான்று வந்த மறுநாள் உங்க நிரந்தர ஆணையில கையெழுத்து போடறேன்” என்றார் இயக்குநர். “வரலைன்னா, தற்காலிக இடத்தையெல்லாம் எடுத்துடச் சொல்லித் தலைமையகத்துலேர்ந்து கடிதம் வந்திருக்கு. பாத்துக்குங்க.”

முதல் ஓட்டத்தில் நான்கு முறை விழுந்தேன். ஓடையிலும் ஒருமுறை, அதைச் சேர்த்தால் ஐந்து. பாதுகாப்பு அலுவலர் பின்னாலேயே நடந்து வந்து படிவத்தை நிரப்பினார். ‘அச்சத்தின் அளவு: மிதம், கடுமை, அலறல்’ என்று மூன்று கட்டங்கள். மூன்றிலும் குறியிட்டார். ஐம்பத்திரண்டு நிமிடத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய பொறியாளர் இரண்டாவது வளைவில் வழி தவறிவிட்டார். மூவர் முன்னிலை இல்லை, ஓட்டம் செல்லாது.

இரண்டாம் முறை படிவம் பழையது. மூன்றாம் முறை மழை வந்து, குழு மரத்தடியில் ஒதுங்கிவிட்டது. முன்னிலை என்பது மரத்தடிவரை நீளுமா என்று சட்டப் பிரிவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நான்காம் முறைக்கு முன் பொறியாளர் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

“சார், இவர் ஏற்கெனவே மூணு தடவை ஓட்டிட்டாரே. இன்னும் தொடக்கநிலைன்னு எப்படிச் சொல்றது?”

“அந்த மூணு ஓட்டமும் செல்லாதுன்னு நாமதானே எழுதினோம்?” என்றார் இயக்குநர். “செல்லாத ஓட்டத்துல எப்படிக் கத்துக்க முடியும்?”

பொறியாளர் ‘தொடக்கநிலை’ என்றே எழுதிக்கொண்டார். எனக்கோ கால் பழகிவிட்டது. செல்லாத ஓட்டம் என்பது கால்களுக்குத் தெரியவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் ஏதேதோ காரணத்தால் செல்லாமல் போயின. ஆறாம் முறை நான் விழவே இல்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் மருந்துக்கடை வேலைக்குத் தினமும் சைக்கிளில்தான் போகிறாள். அதற்கென்று அவளிடம் தனிக் கால்சட்டை எதுவும் கிடையாது.

“அப்ப ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்ங்க” என்றாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் சேர்ந்து போன இடங்கள் ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியும்தான். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

மறுநாள், விழாதவர் தொடக்கநிலையாளர் இல்லை என்று அந்த ஓட்டமும் செல்லாமல் போயிற்று; மேஜைமேல் குறிப்பாணை கிடந்தது. ‘முன் அனுமதி பெறாமல், அலுவலக நேரத்தில், துறையின் சைக்கிளைப் பயன்படுத்தித் திறமை பெற்ற குற்றத்துக்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? மேற்படி திறமையைப் பதினைந்து நாட்களுக்குள் கிடங்கில் ஒப்படைத்து ரசீது பெறவும்.’

கிடங்குக்குப் போனேன். கிடங்குக்காரர் குறிப்பாணையை இரண்டு தடவை படித்தார்.

“சரி, பொருள் எங்கே?”

“அது கால்ல இருக்குங்க.”

“காலைக் கழட்டித் தந்தா ரசீது தரலாம். இல்லாட்டி, ஒப்படைக்கத்தக்க நிலையில் இல்லைன்னு எழுதித் தரேன்.”

எழுதி வாங்கிக்கொண்டேன். இயக்குநர் என்னைத் தனியாக அழைத்தார். “வர்ற வாரம் தலைமையகத்துலேர்ந்து பெரிய அதிகாரி மேடமே வராங்க. இதுதான் கடைசி ஓட்டம். மூணு இடத்துல விழுந்துடுங்க, போதும். ரொம்ப வேண்டாம், பாதை மோசம்னு ஆயிடும். விழாமலும் இருக்காதீங்க, நீங்க தொடக்கநிலைங்கறதே மோசடின்னு ஆயிடும்.”

விழ வேண்டிய இடங்களை நானே முந்தின நாள் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வைத்தேன். சரிவின் முடிவில் ஒன்று, பாலம் தாண்டி ஒன்று, வேர்களில் ஒன்று. நிரந்தர வேலைக்கு மூன்று சிராய்ப்பு ஒன்றும் அதிகமில்லை.

அன்று காலை மேடம் வந்தார். குழுவினர் மூவரும் கவசம், கையுறை, கண்ணாடி சகிதம் வரிசையாக நின்றார்கள். நான் ஏறி மிதித்தேன். சரிவு வந்தது. இலைகளுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக ஓடியது, முகத்தில் காற்று அடித்தது, சக்கரம் எனக்கு முன்னால் தானே போயிற்று. எனக்கு நாற்பத்தாறு வயது. அந்தக் காட்டை ஒட்டிய அறையில் பதினோரு வருடம் உறை ஒட்டியவன். ஒருநாளும் இப்படி எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்ல? முதல் வட்டத்தைப் பார்த்தேன், தாண்டிவிட்டேன். சரி, அடுத்ததில் விழலாம் என்று நினைத்தேன். பாலத்துப் பலகைகள் கடகடவென்று ஓடின. மூன்றாவது வட்டத்தை நான் பார்க்கவே இல்லை.

பதினோரு நிமிடத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கே வந்து நின்றேன். அதன் பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. இயக்குநர் முகம் கறுத்துவிட்டது.

“இவரா தொடக்கநிலையாளர்?” என்றார் மேடம்.

“ஆமா மேடம். பாதை அவ்வளவு சுலபம். அதைத்தான் நாங்களும் சொல்றோம்.” இயக்குநர் லேசுப்பட்டவர் இல்லை.

“பாதை சுலபமா, இவர் கெட்டிக்காரரா? நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர் ஓட்டிப் பாத்துதான் சொல்லணும். கோப்புல நீங்க மூணு பேருமே நிபுணர்னு போட்டிருக்கு. யாராவது ஒருத்தர் ஏறுங்க.”

இயக்குநருக்கு அன்று காலையிலிருந்துதான் முழங்கால் வலி. பொறியாளர் புதுக் கண்ணாடி போட்டிருந்தார், தூரம் பிடிபடவில்லை. பாதுகாப்பு அலுவலர் ஒரு கொள்கைப் பிரச்சினையை எழுப்பினார். “நான் ஓட்டிட்டா அந்த நேரத்துல பாதுகாப்பை யார் மேடம் பாக்கறது?”

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. “மேடம், நீங்களே ஒரு சுத்து போயிட்டு வந்தா…” என்று சைக்கிளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மேடம் ஓர் அடி பின்னால் போனார். சீட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு” என்றார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. நால்வருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கருத்து வேறுபாடும் இல்லாமல் வேலை நடந்தது. நால்வரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதை முழுவதும் நடந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. அறிக்கை அங்கேயே எழுதப்பட்டது. பச்சைப் பலகையின் அடியில் ஒரு வரி சேர்த்து அன்று மாலையே நட்டார்கள்:

‘தொடக்கநிலையாளர்களுக்கு உகந்தது. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிச் செல்லவும்.’

சான்று வந்த மறுநாள் இயக்குநர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எனக்கு நிரந்தர ஆணை கிடைத்தது. பதவி, பாதை ஒழுங்குக் காவலர். பாதையில் யாரும் சைக்கிள் ஓட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சீருடையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் பலகையைப் பிய்த்து எறிவார்கள் என்று பயந்துகொண்டே நின்றேன். காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நாற்பது, ஐம்பது பேர் வந்தார்கள். பலகையைப் படித்தார்கள். ஒரு முகத்திலாவது கோபம் இருக்க வேண்டுமே! எல்லா முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. கவசத்தை இறுக்கிக்கொண்டு தள்ளினார்கள். பாலத்தில் ஒரு காலை மிதியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். “செம சவாலான பாதைப்பா” என்று ஒருவர் வியர்வையைத் துடைத்தார்.

அப்போது பின்னால் மணிச் சத்தம் கேட்டது. கூடை வைத்த பழைய சைக்கிளில், மருந்துக்கடைச் சட்டையோடு என் மனைவி சரிவில் இறங்கி வந்தாள். தள்ளிக்கொண்டு போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு கையை விட்டு ஆட்டினாள். புது மணப்பெண் மாதிரி சிரித்தாள்.

“என்னங்க இது, அவங்க மட்டும் ஓட்டறாங்க?” என்று ஒரு கவசத் தலை கேட்டது. “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?” என்றது இன்னொன்று. இயக்குநரும் கூட்டத்தில் நின்று என்னையே பார்த்தார்.

விசிலை எடுத்து ஊதினேன்.

அவள் பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றினாள். “எனக்கா ஊதுனீங்க?”

“விதி இருக்கும்மா. இறங்கித் தள்ளணும்.”

கூட்டம் கைதட்டியது. அவள் இறங்கினாள். என் சீருடையைக் கழுத்திலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

“ஆக, நிரந்தரமாயிட்டீங்க” என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.