தோள் வலிக்காமல் கேமரா தூக்கிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருந்தது. மலை உச்சியில் ஒரு சுனை, மலையடியில் ஒரு குட்டை. சுனை யாருக்கும் சொந்தமில்லை. குட்டை நரிக்குச் சொந்தம். எப்படிச் சொந்தமானது என்று கேட்டவர்கள் இப்போது அந்தக் காட்டில் இல்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் நரி ஒரு கல்லின் மேல் ஏறி நின்றது. "உச்சிச் சுனை வத்திப் போச்சு. இனிமே எல்லாரும் நம்ம குட்டைக்கே வந்திருங்க. தள்ளுமுள்ளு கூடாது. வரிசையில வாங்க. ஆளுக்கு ஒரு வாய்" என்றது.

யாரும் மேலே போய்ப் பார்க்கவில்லை. ஒருவன் உயரத்தில் நின்று சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மிருகங்கள் அவை. மறுநாளே குட்டைக்கு முன்னால் வரிசை நின்றது. நரியின் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் பக்கவாட்டில் போய்க் குடித்தன. மற்றவை வெயிலில் நின்றன. தினமும் காடே தன் வாசலில் காத்துக் கிடப்பதைப் பார்ப்பதில் நரிக்கு ஒரு சுகம். அந்தச் சுகத்தைத் தவிர அதற்கு வேறு லாபம் இல்லை. சில பேருக்கு அது போதும்.

வரிசையின் வாலில் நின்றது காத்தான் என்ற முள்ளம்பன்றியின் குடும்பம். காத்தானுக்குக் கால் குட்டை. எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் மான்கள் முந்திவிடும். அவன் முறை வரும்போது குட்டையில் சேறுதான் மிஞ்சியிருக்கும். அவனுக்கு இரண்டு குட்டிகள். சின்னது இரண்டு நாளாக எழுந்திருக்கவே இல்லை. அவன் மனைவி பேச்சி சேற்றைப் பிழிந்து அதன் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"சுனை வத்தியிருக்காது" என்றான் காத்தான். "குட்டிகளைத் தூக்கிட்டு மேல போயிருவமா?"

"சிறுத்தைப் பாறையை எப்படித் தாண்டுவீங்க? இதுகளுக்கு முள்ளு இன்னும் மயிரு மாதிரில்லா இருக்கு."

அவள் சொன்னது சரி. உச்சிக்குப் போக ஒரே பாதை. அது சிறுத்தை படுத்திருக்கும் பாறையை ஒட்டிப் போனது. காடே கூட்டமாகப் போனால் சிறுத்தை ஒதுங்கிக்கொள்ளும். தனியாகப் போனால் ஒதுங்காது. தனியாகப் போய்த் திரும்பி வரக்கூடியவன் காத்தான் மாதிரி ஆள்தான். முள் என்றால் சிறுத்தைக்குப் பயம்.

"அப்போ நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுதேன். அப்புறம் எல்லாரும் சேர்ந்து போவோம்."

"நீங்க சொன்னா எவன் நம்புவான்? படம் எடுத்துட்டு வாங்க. படத்தைக் காட்டுனா வாயை மூடித்தானே ஆகணும்."

காட்டில் ஒரு கேமரா கிடந்தது. யானையைப் படம் எடுக்க வந்த ஒரு மனிதர், யானைக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் போட்டுவிட்டு ஓடிய கேமரா அது. லென்ஸ் உலக்கைத் தடிமன் இருந்தது. தூக்கினால் அம்மிக்கல் கனம். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பது மட்டும் குரங்குகளுக்குத் தெரிந்திருந்தது. காத்தானுக்கும் சொல்லிக்கொடுத்தன.

நரி இதைக் கேள்விப்பட்டது. கோபப்படவில்லை. "தாராளமாப் போயிட்டு வாரும்வே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யானை தலைமையில கூட்டம். அதுக்குள்ள படம் வரணும். வரலைன்னா சுனைங்கிற பேச்சையே இந்தக் காட்டுல எவனும் எடுக்கப்படாது" என்றது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

காத்தான் கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தான். முள்ளம்பன்றிக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தலை முடிந்ததும் முதுகு ஆரம்பித்துவிடும். கேமரா முன்னங்கால்களுக்கு நடுவே தரையில் இழுபட்டு, அவன் குப்புற விழுந்தான். முதுகில் போட்டுப் பார்த்தான். எங்கோ ஒரு சருகு விழுந்தது. பயத்தில் முட்கள் சிலிர்த்தன. வார் துண்டு துண்டாகப் போயிற்று.

"வாயில கவ்விட்டுப் போங்களேன்" என்றாள் பேச்சி. "பல்லு வலிக்கும். வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. ஒரு நாள் வழிதானே."

காத்தான் கவ்விக்கொண்டு கிளம்பினான். இந்தக் கதை அன்றைக்கே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவன் நாலு பேர் பார்க்கிற மாதிரி நடந்து போனான்.

"என்ன அண்ணே, நாய் எலும்பைக் கவ்வுத மாதிரி!" என்றது ஒரு மந்தி. "வயித்துல கட்டுங்க. என் பிள்ளையைப் பாருங்க, எப்படித் தொங்குது."

"அது தானாப் பிடிச்சுக்கிடுதும்மா. கேமராவுக்குக் கை இல்லையே."

"அது உங்க கேமராவோட குறை" என்றது மந்தி.

வௌவால் கண்ணைத் திறக்காமலே சொன்னது: "தலைகீழாத் தொங்கும். கனமே தெரியாது."

"தொங்கிட்டு எப்படிப் போறது?"

"போகணும்னு யார் சொன்னா? கனம் தெரியாதுன்னுதானே சொன்னேன்."

ஆலோசனை சொல்கிறவர்களுக்கு எப்போதும் நேரம் இருக்கும். வந்து ஒரு கை கொடு என்று கேட்டால்தான் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். காத்தான் எல்லாரிடமும் நின்று பதில் சொன்னான். பதில் சொல்வதற்காகக் கேமராவைக் கீழே வைத்தான். வைத்த பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று அவனுக்குத் தெரிந்தது.

"பேசாம மரநாய் அண்ணாச்சியைப் போய்ப் பாருங்க" என்று எல்லாரும் சொன்னார்கள்.

மரநாய் நகரத்தில் தோள்பை விற்கிற ஒரு கடையின் கூரைக்குள் குடியிருந்துவிட்டு வந்தது. கடையில் நடந்த பேச்சையெல்லாம் மேலே படுத்தபடி கேட்டிருந்தது. அதுவே அதற்குப் படிப்பு. பலாமரத்தடியில் 'பயணச் சுமை ஆலோசனை நிலையம்' என்று பலகை மாட்டி, வருகிறவர்களுக்குப் பலாக்கொட்டையை டோக்கனாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கும் நரிக்கும் தொடர்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். ஆனால் மரநாய் குட்டை வரிசையில் நின்றதை யாரும் பார்த்ததில்லை.

"வாயிலயா கவ்வுனீரு?" மரநாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டது. "பல்லு ஆடும். தாடை விலகும். அது காதுக்குப் போகும். காதுல இருந்து மூளைக்குப் போகும்."

"மூளைக்குப் போகுமா அண்ணாச்சி?"

"இருந்தாப் போகும்."

காத்தான் பயந்துபோனான்.

"கழுத்துல மாட்டுனா நரம்பு போச்சு. ஒத்தைத் தோள்ல மாட்டுனா முதுகு கோணிரும். இடுப்புல கட்டுனா குடல் ஏறும். இதுக்கெல்லாம் ஒரே மருந்து இதுதான்" என்று மரநாய் ஒரு பையை எடுத்தது. இரண்டு தோளுக்கும் வார். நெஞ்சுக்கு ஒரு பக்கிள். இடுப்புக்கு ஒரு பெல்ட். முதுகுப் பக்கம் மெத்தை மாதிரி பஞ்சு. "சௌகரியம்னா என்ன தெரியுமா? நாம எதையோ தூக்குதோம்ங்கிற நினைப்பே வரப்படாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடும். பை நனையக் கூடாது. நனைஞ்சா கேரண்டி கிடையாது."

பையை மாட்டினார்கள். முட்கள் பஞ்சைக் குத்திக்கொண்டு மறுபக்கம் வந்தன. மரநாய் நாலடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"பையில கோளாறு இல்லை. முதுகுலதான் கோளாறு."

"முள்ளம்பன்றின்னா முள்ளு இருக்கும்லா அண்ணாச்சி."

"அது பழைய முள்ளம்பன்றி."

காத்தான் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பழைய ஆள் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், இந்த உலகத்தில் எதை வேண்டுமானாலும் பிடுங்கிவிடலாம். வலிக்க வலிக்கப் பிடுங்கினார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனான். பேச்சிக்கு அடையாளமே தெரியவில்லை.

"யாரு அது? பெருச்சாளியா?"

"நான்தான் பிள்ளை."

"ஐயையோ! முள்ளு எங்கே?"

"பைக்கு இடைஞ்சலா இருந்துச்சு."

"சிறுத்தை வந்தா என்னத்தைக் காட்டுவீங்க? பக்கிளையா?"

காத்தான் கைகளைத் தூக்கி, பை தோளில் எவ்வளவு அழகாக உட்காருகிறது என்று திரும்பித் திரும்பிக் காட்டினான். சின்னக் குட்டி படுத்த இடத்திலிருந்தே பார்த்தது.

மறுநாள் கேமராவைப் பைக்குள் வைத்துப் பார்த்தார்கள். கனத்தது. மரநாய் லென்ஸைக் கழற்றியது. "இப்ப?" கொஞ்சம் கனத்தது. பேட்டரியைக் கழற்றியது. "இப்ப?" லேசாகக் கனத்தது. கடைசியில் கேமராவையே எடுத்து வெளியே வைத்தது. "இப்ப எப்படி இருக்கு?"

"பறக்குத மாதிரி இருக்கு அண்ணாச்சி!"

"பாத்தீரா. நான்தான் சொன்னேனே, எல்லாம் பையிலதான் இருக்குன்னு. முதல் பயணத்துக்குப் பை மட்டும் போகட்டும். தோள் பழகணும். கேமரா அடுத்த தடவை."

"அப்போ படம்?"

"தோளா, படமா? யோசிச்சுச் சொல்லும்."

காத்தான் யோசித்தான். படம் காட்டில் எல்லாருக்கும் வேண்டியது. தோள் அவனுடையது. யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினான். மொட்டை முதுகில் காலி பை, நெஞ்சில் பக்கிள். நடை ஜோராக இருந்தது. சிறுத்தைப் பாறைக்கு வந்ததும் சிறுத்தை ஒரே தாவலில் முன்னால் குதித்தது.

"நீ என்ன மிருகம்?"

"முள்ளம்பன்றி சாமி."

"முள்ளு?"

"பைக்காக எடுத்தாச்சு சாமி."

சிறுத்தை அறையக் கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. "அந்த வார் தோளை அறுக்கலையா?"

"இல்லை சாமி. உள்ளே பஞ்சு வச்சிருக்கு."

சிறுத்தை கையை இறக்கிவிட்டு உட்கார்ந்தது. அதன் கழுத்தில் ஒரு பட்டை இருந்தது. அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வதற்காக வனத்துறைக்காரர்கள் மயக்க ஊசி போட்டு மாட்டிவிட்ட ரேடியோ பட்டை. "இதை மாட்டுன நாள்லேர்ந்து இடது பக்கம் திரும்ப முடியலைப்பா. இடது பக்கம் ஓடுத மானையெல்லாம் விட்டுட்டேன். கழுத்துல மட்டும் எதையும் மாட்டவே கூடாது."

"மரநாய் அண்ணாச்சியும் அதைத்தான் சொல்லுதாரு சாமி. நேரா நரம்புக்குப் போகுமாம்."

"யாரு அவரு? எங்கே இருக்காரு?"

காத்தான் வழி சொன்னான். சிறுத்தை கவனமாகக் கேட்டுக்கொண்டது. "உன்னைத் தின்னலாம்னுதான் இருந்தேன். ஆனா தின்னுட்டா அவர்கிட்ட எனக்கு யாரு சிபாரிசு சொல்லுவா? போயிட்டு வா."

காத்தான் உச்சிக்குப் போனான். சுனை விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. முகம் முங்கக் குடித்தான். பிறகு பையைத் திறந்து பார்த்தான். கேமரா இல்லை. இருக்காது என்று அவனுக்கே தெரியும். இருந்தாலும் திறந்து பார்த்தான்.

அப்போது அவனுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. வாழ்க்கையில் அவனுக்கு வந்த ஒரே நல்ல யோசனை. பை நிறையத் தண்ணீரை மொண்டு கொண்டுபோனால்? படத்தைவிடப் பெரிய சாட்சி. குட்டிக்கும் ஆகும். பையைக் கழற்றிச் சுனை விளிம்பு வரை கொண்டுபோனான். பையின் நுனி தண்ணீரைத் தொடப் போனபோது மரநாய் சொன்னது ஞாபகம் வந்தது. வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டான். நல்லவேளை, ஒரு சொட்டுகூடப் படவில்லை.

சாயங்காலம் கூட்டத்தில் யானை கேட்டது: "படம் எங்கேப்பா?"

"படம் இல்லை ஐயா. தண்ணி இருக்கு. நானே குடிச்சேன்."

நரி சிரித்தது. கூட்டமும் சிரித்தது. பேச்சி ஓடி வந்து, "அவரு வாயைப் பாருங்க, ஈரம் காயலை! உதட்டுல பாசி ஒட்டியிருக்கு!" என்று கத்தினாள். யாரும் பார்க்கவில்லை. படம்தான் கேட்டார்கள், வாயைக் கேட்கவில்லை.

ஆனால் காட்டெருமை எழுந்து, "ஒரு சந்தேகம். தோள் வலிக்குதா?" என்று கேட்டது.

"இல்லையே" என்றான் காத்தான்.

"உச்சிக்குப் போயுமா?"

"போய், திரும்பி வந்தும்."

யானை காதை ஆட்டுவதை நிறுத்தியது. நரிகூடக் கழுத்தை நீட்டிப் பக்கிளைப் பார்த்தது. சுனை என்ற பேச்சு இனி இல்லை என்று ஒரு வரியில் தீர்மானம் போட்டுவிட்டு, மீதி நேரம் முழுவதும் பையைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் பலாமரத்தடியில் இரண்டாவது வரிசை நின்றது. மான், மிளா, காட்டெருமை, கரடி. மானுக்குப் பின்னால் சிறுத்தை நின்றது. வரிசையில் யாரும் யாரையும் தின்பதில்லை. காத்தானும் நின்றான். அவன் பையின் பக்கிள் கொஞ்சம் லூசாகிவிட்டது.

பேச்சி வந்து சிறுத்தையைப் பார்த்தாள். புருஷன் காதோரம் குனிந்தாள். "ஏங்க, இவரு இங்க நிக்காரு. பாறை காலியாக் கிடக்கு. வாங்க, குட்டிகளைத் தூக்கிட்டு மேல போயிருவோம்."

"இப்ப விலகுனா டோக்கன் போயிரும் பிள்ளை."

அவள் காட்டெருமையிடம் போய்ச் சொன்னாள். "அப்படியா? நல்லது" என்றது காட்டெருமை. "அடுத்தது நான்தான், கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

பேச்சி அதற்கு மேல் யாரிடமும் பேசவில்லை. பெரிய குட்டியை முன்னால் விட்டாள். சின்னதை வாயில் கவ்வினாள். கனமாகத்தான் இருந்தது. தாடை நொந்தது. வழியில் பலதடவை இறக்கி வைத்து, மறுபடியும் கவ்வி, வெயில் சாயும்போது சுனைக்குப் போய்ச் சேர்ந்தாள். சின்னக் குட்டி குடித்தது, கக்கியது, மறுபடி குடித்தது. பிறகு எழுந்து ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு ஓடி அவளிடம் அடி வாங்கியது. அவள் அங்கேயே வளை தோண்டிக்கொண்டாள். கீழே இறங்கவில்லை.

கீழே இதைக் கேள்விப்பட்டவர்கள் பரிதாபப்பட்டார்கள். "ஒரு பைகூட இல்லாமயா போனா? அவ தாடை என்னத்துக்கு ஆகும்?"

குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. வரிசை மட்டும் முன்பைவிட ஒழுங்காக நின்றது. எல்லார் முதுகிலும் பை. எல்லாப் பையும் காலி. கடைசியில் நின்ற காத்தானிடம் கரடி நாக்கைத் தொங்கப் போட்டபடி கேட்டது: "இன்னைக்காவது தண்ணி கிடைக்குமாவே?"

"அது தெரியாது" என்றான் காத்தான். "ஆனா காலையில இருந்து நிக்கோம், எங்கேயாவது வலிக்குதா பாரும்."

கரடி யோசித்துப் பார்த்தது. எங்கேயும் வலிக்கவில்லை.

நீதி: தாகத்தால் சாவது தலைவிதி. தோள்வலியால் சாவது அறியாமை.