நாற்பத்தோரு நகல்கள்

தன் டீமின் புரோகிராமில் அதே ஆறு வரி நாற்பத்தோராவது இடத்திலும் இருந்ததைப் பார்த்துப் புரோகிராமர் தலையில் கை வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரிடம் மெமரி கேட்பது, கொடுத்ததா என்று பார்ப்பது, கொடுக்காவிட்டால் மறுபடி கேட்பது. இதற்கென்றே எல்லா டீமுக்கும் பொதுவான கோட் லைப்ரரியில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒருமுறை எழுதிவைத்து எல்லாரும் கூப்பிட்டுக்கொள்ளும் துண்டுப் புரோகிராம், இருக்கிறது. மற்ற ஆறு டீமும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. இங்கே மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் நகல் எடுத்து எடுத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

ஆட்குறைப்புப் பட்டியல் வெள்ளிக்கிழமை வருவதாகப் பேச்சு. கம்பெனியில் ஏழு டீம், டீமுக்கு ஒரு புரோகிராமர். "ஏதாவது செஞ்சு நாலு பேர் கண்ணுல படுங்க. நீங்க இருக்கறதே அங்க யாருக்கும் தெரியாது," என்று மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். அது உண்மை என்பதுதான் அவருக்கு வருத்தம்.

நாற்பத்தோரு நகலையும் அழித்தார். எல்லா இடத்திலும் பொது ஃபங்ஷனையே கூப்பிட வைத்தார். அதுவோ மகா ரோஷக்காரப் பிறவி. ஒரே ஒரு தரம் மெமரி இல்லை என்றதும் மொத்தப் புரோகிராமையும் இழுத்து மூடிவிட்டது. மதியத்துக்குள் வாடிக்கையாளர்கள் போனில் வறுத்தெடுத்தார்கள்.

சரி, லைப்ரரியையே திருத்திவிடலாம் என்று, மெமரி கிடைக்கும்வரை விடாமல் கேட்கும்படி மாற்றினார். இப்போது மற்ற ஆறு டீமின் புரோகிராம்களும் கேட்டுக்கொண்டே அப்படி அப்படியே நின்றன. ஆறு புரோகிராமர்களும் வந்து அவர் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். நாலு பேர் கண்ணில் படச் சொன்னால் ஊர் கண்ணிலேயே பட்டாயிற்று.

எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, செய்த விதம்தான் தப்பு, நினைத்தது தப்பில்லை என்று மேனேஜருக்கு மூன்று பக்கத்தில் ஒரு ரிப்போர்ட் எழுதினார். ஒரே வேலையைச் செய்யும் நகல்கள் வீண், எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவதே கம்பெனிக்கு நல்லது என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

திட்டு விழும் என்று பயந்துகொண்டு போனவருடன் மேனேஜர் எழுந்து கைகுலுக்கினார். "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. எனக்கு இத்தனை நாளாத் தோணவே இல்ல." வேலை தப்பியது என்று உடனே மனைவிக்குப் போனில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கவர் வந்தது. வேலை போய்விட்டது. மற்ற ஆறு புரோகிராமர்களில் ஐந்து பேருக்கும் அதே கவர்.

"என் ரிப்போர்ட்டை அவ்வளவு பாராட்டினாரேம்மா," என்றார், கவரைக் கொண்டுவந்த மேனேஜரின் செக்ரட்டரிப் பெண்ணிடம்.

"அதைத்தான் சார் மேலிடத்துக்கு அனுப்பினாரு," என்றாள் அவள். "'நகல்'னு இருந்த இடத்துல எல்லாம் 'புரோகிராமர்'னு மாத்தச் சொன்னாரு, அவ்வளவுதான்."