கரடிக்கு எப்படித் தெரிந்தது?

ஆன்லைன் விளையாட்டில், பாலத்தின் இந்தக் கரையில் கரடியும் நத்தையும் பதுங்கியிருந்தபோது கரடி எழுதியது: "உங்க மேனேஜர் இன்னிக்கு ஏசி ரிமோட்டைத் தொலைச்சிட்டு எல்லார் மேஜையையும் குடைஞ்சாராமே."

நத்தையின் விரல்கள் அப்படியே நின்றன. திரையில் எதிரி ஒருவன் சாவகாசமாக நடந்து வந்து அவனைச் சுட்டுவிட்டுப் போனான். அதை அவன் கவனிக்கவே இல்லை.

ரிமோட் தொலைந்தது உண்மை. மேனேஜர் மேஜை மேஜையாகக் குடைந்ததும், கடைசியில் அது அவருடைய பேண்ட் பாக்கெட்டிலிருந்தே எட்டிப் பார்த்ததும் உண்மை. ஆனால் அதை அவன் இன்னும் கரடியிடம் சொல்லவில்லை. பாலத்தைக் கடந்த பிறகு நிதானமாகச் சொல்லலாம் என்று ஆசையாக வைத்திருந்தான்.

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று தட்டினான்.

பிறகு, "நீதானே சொன்னே," என்று வந்தது. அடுத்த நொடி, "சரி, வீட்டுல கூப்பிடறாங்க," என்று எழுதிவிட்டுக் கரடி காணாமல் போனது.

நத்தை என்பது விளையாட்டில் அவனுடைய பெயர். மற்றவர்கள் ஓடிக் கடக்கிற தெருவை அவன் ஒவ்வொரு சுவராக முட்டிப் பார்த்துக்கொண்டு கடப்பான். எந்தச் சுவருக்குள் கை நுழைகிறது, எந்த வாளி அந்தரத்தில் தொங்குகிறது, எந்தக் காவலாளி செத்த பிறகும் நிழலை மட்டும் விட்டுவிட்டுப் போகிறான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இப்படிக் குறை கண்டுபிடிப்பதற்கென்றே விளையாட்டுக் கம்பெனிகளில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. விண்ணப்பம் போடாத கம்பெனி இல்லை. பதில் போட்ட கம்பெனியும் இல்லை.

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டரில் புகார் வாங்கிக்கொண்டிருந்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மெஷின் ஆடுகிறது, தண்ணீர் இறங்கவில்லை, துணியோடு சேர்ந்து கதவும் பூட்டிக்கொண்டது என்று வருகிற அழுகைகளையெல்லாம் கேட்டு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அங்கேயும் குறைதான், ஆனால் ரசிக்க முடியாத குறை.

அவன் நம்பிக்கை எல்லாம் கரடிமேல் இருந்தது. கரடி ஒரு கேம் கம்பெனியில் டெஸ்டர்களுக்குத் தலைமை. எழுத்தில் மட்டும்தான் பேசும். வீட்டில் ஆள் இருப்பதால் மைக் போட முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டது. நத்தை ஒரு குறையைக் காட்டினால், "எப்படிப் பண்ணினே? மறுபடி பண்ணிக் காட்டு," என்று கேட்கும். காட்டுவான். தங்கள் கம்பெனியில் ஓர் இடம் காலியாகப் போகிறது, பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தது. அந்த நன்றிக்கு நத்தை தினமும் ஆபீஸ் கதை சொல்வான். ஆபீஸ் கதை என்றால் மேனேஜர் கதை. கரடிக்கு அதில் தனி ருசி. மேனேஜருக்கு 'ஈரத்துணி' என்று பெயர் வைத்தது நத்தை. 'பிழிந்தாலும் சொட்டும்' என்று சேர்த்துக்கொண்டது கரடி.

மறுநாள் சாப்பிடும்போது அக்காவிடம் ரிமோட் விஷயத்தைச் சொன்னான். அக்கா பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். வாயைத் திறக்காதவர்களிடமிருந்தே விஷயத்தை வாங்கிவிடுகிற பழக்கம் அவளுக்கு.

"அவன் மூஞ்சியைப் பார்த்திருக்கியா?"

"இல்லை."

"குரல்?"

"இல்லை."

"பேரு கரடி. வேலை வாங்கித் தரேங்கறான். உன்கிட்ட கேக்கறதெல்லாம் உன் ஆபீஸ் கதை." அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஏண்டா, அவன் உன் ஆபீஸ்லயே உட்கார்ந்திருக்கற ஆளா இருந்தா?"

நத்தை பாதிச் சோற்றோடு தட்டிலேயே கையைக் கழுவினான்.

அன்றிலிருந்து ஆபீஸில் எல்லார் முகத்தையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். பக்கத்து மேஜைக்காரருக்கு மவுஸைப் பிடிக்கவே வராது. மெக்கானிக்குகள் மாலையில் ஊர் சுற்றிக்கொண்டிருப்பார்கள். யாரும் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு சோதனை வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தான்.

அன்று மாலை விளையாட்டில், மேனேஜரின் பச்சைச் சட்டையைப் பற்றிக் கொட்டித் தீர்த்தான். பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி நடந்து வருவதுபோல் இருக்கிறது என்றான். கரடி சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பித் தள்ளியது. அடுத்த வாரம் முழுக்க மேனேஜர் பச்சைச் சட்டை போடவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போடவில்லை.

தற்செயலாக இருக்கலாம் என்று இரண்டாவது சோதனை வைத்தான். மேனேஜர் எந்த வாக்கியத்தையும் 'அதாவது' என்று தொடங்குகிறவர். அவர் வாயைத் திறந்தாலே ஆபீஸில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள் என்று எழுதினான். மறுநாள் காலைக் கூட்டத்தில் மேனேஜர் எழுந்து நின்றார். "அ..." என்றார். நிறுத்தினார். எச்சில் விழுங்கினார். மறுபடி "அ..." என்றார். பல்வலியோ என்று எல்லோரும் நினைத்தார்கள். நத்தைக்கு மட்டும் காரணம் தெரிந்தது.

அதே கூட்டத்தில் மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். இங்கே நடப்பதையெல்லாம் யாரோ வெளியே கொண்டுபோகிறார்கள், ஆள் யாரென்று கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் நத்தையிடம் வந்ததும் தும்மினார். அதை நத்தை சமிக்ஞையாக எடுத்துக்கொண்டான்.

ஆக, கரடி வேறு யாருமில்லை, மேனேஜர்தான். மாலையானால் மனைவி காரோடு வந்து வாசலில் நிற்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக ஏறிப் போகிற மனுஷன், வீட்டுக்குப் போய்க் கரடியாகிவிடுகிறார். கேம் கம்பெனி, காலி இடம் எல்லாம் இவன் வாயைக் கிளறப் போட்ட தூண்டில். இவன்தான் ஒன்று விடாமல் கக்கியிருக்கிறான். ஈரத்துணி என்று அவரிடமே சொல்லியிருக்கிறான்.

அக்காவிடம் சொன்னபோது அவள் ஒரு வழி சொன்னாள்.

"சரி, விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு காட்டிக்காதே. கொஞ்சம் கொஞ்சமா நல்லதா சொல்லிக்கிட்டு வா."

அப்படியே செய்தான். ஈரத்துணி உண்மையில் தங்கமான மனுஷன், அவர் மட்டும் இல்லாவிட்டால் ஆபீஸ் நாறிவிடும் என்று எழுதினான்.

"உடம்பு சரியில்லையா?" என்று கரடி கேட்டது.

அவருக்குப் பச்சைச் சட்டை எடுப்பாகத்தான் இருந்தது என்றான். கரடி ஒரு கொட்டாவிப் பொம்மையை அனுப்பியது. இந்த மாதிரி உபதேசம் கேட்பதென்றால் தனக்கு வேறு வேலை இருக்கிறது என்றது. பிறகு கேட்டது: "ரெண்டு நாளா ஒரு குறையும் காட்டலையே. என்ன ஆச்சு உனக்கு? முன்ன மாதிரி இல்லை."

குறை காட்டக் கூப்பிடுகிறாரே, எப்போதும் குறை சொல்கிறவன் என்று தன்னைப் பிடிக்கவா என்று நத்தை பயந்தான். இந்த விளையாட்டில் தனக்குத் தெரிந்து ஒரு குறையும் இல்லை, எல்லாம் அற்புதமாக இருக்கிறது என்று எழுதினான். அப்போது அவனுடைய கண்முன்னே ஒரு குதிரை தரைக்குள் கழுத்துவரை புதைந்துபோய் மேய்ந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தாண்டி ஓடினான்.

"அப்போ ஆள் எடுக்கற விஷயத்தை நான் யோசிக்கணும்," என்று எழுதிவிட்டுக் கரடி போய்விட்டது.

இதை நத்தை வேலையைவிட்டு எடுக்கப்போவதாகப் படித்துக்கொண்டான். இனி அவருடைய மனதை நேரில்தான் குளிரவைக்க வேண்டும். மறுநாள் காலை தண்ணீர் பிடிக்குமிடத்தில் மேனேஜர் தனியாக நின்றிருந்தார். நத்தை அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"நேத்து அந்த மூணு பேரையும் பின்னாலிருந்து சுட்டீங்களே சார், கை நடுங்காம. நீங்க இல்லைன்னா நான் செத்திருப்பேன்."

மேனேஜரின் கையிலிருந்த தண்ணீர் அவருடைய செருப்பில் கொட்டியது. இவனை ஏற இறங்கப் பார்த்தார். நேராக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில், நத்தைக்கு இரண்டு நாள் ஓய்வு தேவையா என்று கேட்டுவரப் பக்கத்து மேஜைக்காரரை அனுப்பினார். மதியத்துக்குள் கத்தரிக்கோல், பேனாக்கத்தி, குண்டூசி குத்திய அறிவிப்புப் பலகை எல்லாம் நத்தையின் மேஜைப் பக்கத்திலிருந்து மறைந்துவிட்டன.

வாசல் காவலாளியும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கிற எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருப்பதுபோலவே பட்டது. தொலைபேசியில் ஒருவர் தன் மெஷின் ஓயாமல் முணுமுணுக்கிறது என்றபோது, என்ன சொல்கிறது என்று இவன் கேட்டுவிட்டான்.

இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. மாலை கிளம்புகிற நேரத்தில் மேனேஜரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மேனேஜர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"சார், இனிமே நாம ரெண்டு பேரும் மறைக்க வேண்டாம். கரடி நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

"யாரு?"

"நீங்கதான் சார் கரடி."

"என்னைப் பார்த்தா உனக்குக் கரடி மாதிரி இருக்கா?"

"உருவத்தைச் சொல்லலை சார். சாயங்காலம் வீட்டுக்குப் போனா கரடியா மாறிடறீங்கல்ல, அதைச் சொல்றேன்."

மேனேஜர் மேஜைமேல் எதையோ தேடினார். கனமான பொருள் எதுவும் கைக்கு அகப்படவில்லை. நத்தை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். ஈரத்துணி என்றது, தொட்டி என்றது, நடக்கும்போது ஸ்பின் மோடில் ஆடுகிற மெஷின் மாதிரி இருக்கிறார் என்றது, எல்லாமே விளையாட்டுக்குச் சொன்னது, மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். அவர் தினமும் கூடவே இருந்து கேட்டுச் சிரித்ததால்தான் தனக்கும் உற்சாகம் கூடிப்போனது என்றான்.

மேனேஜரின் முகம் சிவந்து, கறுத்து, வெளுத்தது. பல நாளாக அடக்கி வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது.

"அதாவது, அதாவது, என் சட்டை தொட்டி மாதிரி இருக்குன்னு என் வீடு வரைக்கும் கதை கொண்டுபோனது நீதானா? அதாவது, என் வீட்டுல என்னை உட்கார வெச்சு ஒவ்வொண்ணா சொல்லிக் காட்டறாங்களே, அதெல்லாம் உன் வேலையா?"

"உங்ககிட்ட மட்டும்தான் சார் சொன்னேன். வேற ஒருத்தர்கிட்டயும் சொல்லலை."

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

நத்தை அவருடைய முகத்தைப் பார்த்தான். அதில் நடிப்பு துளியும் இல்லை. இந்த மனுஷனுக்கு விளையாட்டில் கதவைத் திறக்கக்கூடத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். தன்னுடைய கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். கால் இறங்கியதே தவிர மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மேனேஜர் இல்லையென்றால் கரடி யார்? பக்கத்து மேஜைக்காரரா? மவுஸ் பிடிக்கத் தெரியாததுபோல் நடித்தாரா? காவலாளியா? யாராக இருந்தால் என்ன, குறையே இல்லை என்று எழுதித் தானே அந்தக் கதவையும் சாத்தியாகிவிட்டது. இருந்த வேலையும் போயிற்று, வர இருந்த வேலையும் போயிற்று. அக்கா கோபப்பட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி சோறு போடுவாள், அதைத்தான் தாங்க முடியாது.

வாசலில் வழக்கம்போல் மேனேஜரின் மனைவி காரில் காத்திருந்தார். ஓட்டுகிற இடத்திலிருந்து அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. நத்தை வழக்கம்போல் மரியாதைக்குத் தலையை அசைத்துவிட்டுக் கடந்தான். பின்னால் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது. திரும்பினான். அந்த அம்மாள் கைகாட்டிக் கூப்பிட்டார்.

கணவர் சொல்லி அனுப்பிய இன்னொரு வசவாக இருக்கும் என்று குனிந்த தலையோடு பக்கத்தில் போய் நின்றான். அவர் மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்:

"உன்னை எங்க கம்பெனில எடுத்தாச்சு, நத்தை. ஆனா ரிமோட் கதை ஒண்ணைத்தான் அவரா வீட்டுல வந்து உளறினார். இனிமே எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல என்ன பண்றார்னு எனக்கு யாரு சொல்லப்போறாங்க?"