மஞ்சள் அட்டை காணாமல் போன விவரம்

அனுப்புநர்: சு. சுகன்யா, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு, ஆரணி.
பெறுநர்: டாக்டர் ரேணுகாதேவி அவர்கள், ஆரம்ப சுகாதார நிலையம்.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டாக்டரிடம் இப்படி விசாரிக்கலாமா என்று தெரியவில்லை. எனக்கு விடுப்புக் கடிதம் மட்டும்தான் எழுதத் தெரியும். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் வரி கோணினால் மன்னிக்கவும். 'மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முறையை மேம்படுத்த ஆலோசனை கூறுங்கள்' என்று நீங்கள் வைத்திருக்கும் பெட்டியில் இதைப் போடுவேன். ஆலோசனை பிறகு வரும். முதலில் குற்றம்.

என் அம்மா பெயர் லீலா. கழுத்தில் கட்டி. பன்னிரண்டு நாளுக்கு முன் நீங்கள்தான் தொட்டுப் பார்த்து, "பயப்படாதீங்க, ஆனா பதினைஞ்சு நாளுக்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில பாத்துடணும்" என்று மஞ்சள் அட்டையில் எழுதிக் கொடுத்தீர்கள். அம்மா அதை அலமாரியில் கவிழ்த்து வைத்தார். அன்று சாயங்காலம் தறியில் டிசைன் அட்டை ஒன்று கிழிந்துவிட்டது. எங்கள் தறிக்கு மேலே ஒரு பெட்டி உண்டு. ஓட்டை போட்ட அட்டைகளை மாலை மாதிரி கோத்து அதில் சுற்ற விட்டிருப்பார்கள். அந்த ஓட்டைகளின்படிதான் புடவையில் மாங்காய் விழும். அப்பா, "கெட்டியா ஒரு அட்டை குடு, ஜல்தி!" என்று கத்தினார். நான் கணக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தேன். கண்ணாடி போடாமலே அப்பா அதில் ஓட்டை குத்திக் கோத்துவிட்டார்.

மறுநாள் கிளம்பும்போது அட்டையைக் காணோம். "நான் பாக்கவே இல்ல" என்று சாமி படத்தின் மேல் சத்தியம் செய்தேன். அப்போது எனக்கும் தெரியாது. அட்டை இல்லாமலே மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜன்னலில் இருந்தவர், "அட்டை இல்லாம உங்கள எங்க அனுப்பறது? கழுத்துக்கே மூணு டாக்டர் கீறாங்க" என்றார். "மூணு பேர்ல ஒருத்தர் பாத்தா போதுங்க" என்றார் அம்மா. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். உங்களிடம் திரும்பி வந்தால் நீங்கள் முகாமுக்குப் போயிருந்தீர்கள். "காணாமப் போச்சுன்னா போவ வேணாம்னு அர்த்தம்" என்று சொல்லி அம்மா தறியில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள்தான் அண்ணாந்து பார்த்தேன். பழுப்பு அட்டைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் சுற்றி வந்தது. அதில் உங்கள் கையெழுத்து, நடுநடுவே ஓட்டையோடு. மாங்காய் நன்றாகவே விழுகிறது. யாரோ ஒரு கல்யாணப் பெண் என் அம்மாவின் கழுத்துக் கட்டியைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காரப் போகிறாள்.

சொல்ல நினைத்தேன். அதற்குள் வீட்டில் சண்டை. "ஒரு அட்டையப் பத்திரமா வெக்கத் தெரியல, இன்னா பேஜாரு!" என்று அப்பா திட்டினார். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை. ஒரே தறிக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. "சுகன்யா, நூல் அறுந்துகினு இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "பாத்துட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." ஒரு கை தூரத்துக்கு நான் தபால்காரி. என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அம்மா நெய்யும்போது கழுத்தைத் தடவிப் பார்ப்பதை நான் மட்டும் பார்க்கிறேன்.

இப்போது ஆலோசனை. எங்கள் புடவை கடைக்குப் போய்ச் சேரத் தாமதமானால், ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டு அங்கிருந்து மூன்று போன் வரும். அம்மாவை அனுப்பினீர்கள். அங்கே யாரும் அம்மாவை எதிர்பார்க்கவில்லை. வராதபோது தேடவும் இல்லை. நீங்களே அந்த டாக்டருக்கு, 'லீலா வருகிறார்' என்று சொல்லிவிட்டால் அட்டை தறியில் சுற்றினாலும் பரவாயில்லை.

இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. வேறு அட்டை எழுதி, பழையது உங்கள் மேசையிலேயே கிடந்தது என்று சொல்லிவிடுங்கள். பொய்க்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் என் முகத்தையே பார்க்க மாட்டார்.

உங்கள் கைராசி நீடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
நோயாளியின் மகள்,
சு. சுகன்யா.

பின்குறிப்பு: மடிக்கும்போது போர்வை தானாக விலகியது. அம்மா. முழுவதையும் படித்தார். "அன்னிக்கே பாத்துட்டேன்டி. என் தலைக்கு மேல சுத்திகினு கீது, எனக்குத் தெரியாதா?" என்றார். "ஏம்மா சொல்லல?" என்றேன். "சொன்னா போவணுமே" என்றார். அப்புறம் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஸ்டூல் மேல் ஏறி, கயிற்றை அவிழ்த்து அட்டையைக் கழற்றினார். காலையில் மாங்காய் கோணினால் அப்பா ஏன் என்று கேட்பார். நான் பள்ளிக்கூடம் போயிருப்பேன், அம்மாவிடம் அவரே கேட்டுக்கொள்ளட்டும். பொய் வேண்டாம். வேறு அட்டையும் வேண்டாம், ஓட்டைகளைத் தாண்டி உங்கள் கையெழுத்து படிக்க வருகிறது. ஆனால் போன் செய்யுங்கள். அம்மா எடுப்பார். எடுக்காவிட்டால் இன்னொரு முறை செய்யுங்கள்.