மக்கு மெஷின்

"புதுசு நல்லாத்தானே ஆடுது சார்? அதுல என்ன குறை?" என்று போனில் கேட்டார் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"நல்லா ஆடுறதுதான் குறை. பழசையே போட்டுக் குடுங்க," என்றார் ஓய்வுபெற்ற சர்வேயர்.

தனிக்கட்டையான அவருக்கு இருந்த ஒரே துணை, லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்த சதுரங்கம். தினமும் ஆறு மணிக்குப் பொத்தானை அமுக்குவார். அது ஒரு காயை நகர்த்தப் பத்து நிமிஷம் யோசிக்கும். குதிரையை அநியாயமாகப் பறிகொடுக்கும். 'பாவம், மக்கு மெஷின்' என்று அவரும் ஒரு சிப்பாயை விட்டுக்கொடுப்பார். திங்கட்கிழமை அது தானாக அப்டேட் ஆனது. அன்றிலிருந்து கண்மூடித் திறப்பதற்குள் ராஜாவை மடக்கிவிடுகிறது. மூன்று நாளாக வீடு வெறிச்சென்று இருந்தது.

"புதுசை எடுத்துட்டுப் பழைய வெர்ஷனைப் போடுங்க. அது கேக்கறதுக்கெல்லாம் சரின்னு சொல்லிடாதீங்க, படிச்சுப் பாருங்க," என்று வழி சொன்னார் மெக்கானிக்.

சர்வேயர் படிக்கவில்லை. 'தொடரலாமா?' என்று அவரிடம் யாராவது அனுமதி கேட்டே எத்தனை வருஷமாயிற்று! மனம் குளிர்ந்துபோய் எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டினார். முதலில் ஸ்பீக்கர் ஊமையானது. அதைச் சரிசெய்யப் போனதில் திரையிலிருந்த படங்கள் மறைந்தன. அதைச் சரிசெய்யப் போனதில் மவுஸும் படுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கும் சத்தம். தினமும் ஆறு மணிக்கு இதே ரோதனை. துணிக்கொடித் தகராறில் அவரும் மேல்வீட்டுக்காரரும் பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது.

"இவனுக்கெல்லாம் வேற வேலையே கிடையாது," என்று முணுமுணுத்தார்.

மறுநாள் மாலை மெக்கானிக் மாடிப்படி இறங்கி வந்து, அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்தார்.

"பழசு வந்தாச்சு. இனிமே அப்டேட் ஆகாம பூட்டியும் வச்சுட்டேன்."

ஆறு மணி. மேலே நாற்காலி இழுபட்டது. சர்வேயர் பொத்தானை அமுக்கினார். வட்டம் சுற்றியது. நெடுநேரம் கழித்து ஒரு வெள்ளைச் சிப்பாய் தயங்கித் தயங்கி நகர்ந்தது. சர்வேயருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மனுஷங்களைவிட இந்த மக்கு மெஷின் எவ்வளவோ மேல் தம்பி."

மெக்கானிக் பையை மாட்டிக்கொண்டு சொன்னார்: "புதுசுலதான் மெஷின் ஆடும் சார், பழசு இந்தக் கட்டடத்துல அதை வச்சிருக்கிற இன்னொரு ஆளோடதான் உங்களை ஆடக் கோத்துவிடும். மேல்வீட்டுக்காரரும் 'என் மக்கு மெஷினைத் திருப்பிக் குடு'ன்னு மூணு நாளா என் உயிரை எடுத்துட்டாரு."