இருபத்தொரு சோடியும் ஒரு தொப்பியும்

கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று கடலைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அலையைக் கணக்குக்குள் அடக்கப் பார்த்தவர் எங்கள் ‘கொம்பினேஷன்’ ஒருவர்தான். கோட்டைக்குப் போகும் காலை ரயில் கண்ணுக்கு முன்னாலேயே வந்து நின்று, ஊதி, புறப்பட்டுப் போகும். மனிதர் வாயைப் பிளந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டே நிற்பார். உதடு மட்டும் முணுமுணுக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே விடுதி, ஒரே கந்தோரில் கிளாக்கர் வேலை. எத்தனை பொருளில் எத்தனையை எத்தனை விதமாகத் தெரிவு செய்யலாம் என்பதே அவருடைய சீவியம். அந்தக் கணக்குக்கு இங்கிலீஷில் கொம்பினேஷன் என்று பெயர்; அதுவே அவருக்குப் பட்டப்பெயர். விடுதியில் ஐந்து கறி இருந்தால் மூன்றைத்தான் எடுப்பார். ஐந்தில் மூன்று என்றால் பத்து விதமாம். பத்து நாளைக்கு ஒரே சாப்பாடு திரும்பி வராதாம்.

அவருடைய காலுறைகள் பெரும்பாலும் சோடி சேராது. கேட்டேன்.

“பெட்டியில கறுப்பு நாலு, மண்ணிறம் ரெண்டு. கண்ணை மூடி ரெண்டை எடுத்தால் பதினைஞ்சு விதம். அதில எட்டு மாறித்தான் வரும். நான் என்ன செய்ய?”

“கண்ணைத் திறந்து எடுக்கலாமே!”

“திறந்தால் பிறகு கணக்கு எங்கை ஐசே?”

அது இரண்டாம் உலக யுத்தகாலம். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் ஊரே நடுங்கியது. எங்கள் கந்தோரிலிருந்தோ மாதம் இரண்டு பேர் அங்கே வேலைக்குப் போகவேண்டும் என்று உத்தரவு. பெரிய கிளாக்கரை விட்டால் கிளாக்கர்மார் நாங்கள் ஏழு பேர். பெரிய கிளாக்கர் தன்னுடைய தொப்பியில் ஏழு சீட்டைப் போட்டு, இரண்டை எடுத்து, பெயரை வாசித்து, சீட்டைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் வைப்பார்.

முதல் மாதம் சலீமும் தம்புவும் போய் வந்தார்கள். இரண்டாம் மாதமும் அவர்களே. இருவருக்கும் சிபாரிசுக்கு ஆள் இல்லை. “அவங்கடை தலைவிதி” என்றோம் மற்றவர்கள். உள்ளுக்குள் எனக்கு நல்ல சந்தோஷம்.

மூன்றாம் மாதமும் “சலீம், தம்பு” என்று வாசித்தார். கொட்டாஞ்சேனையில் சலீமின் மனைவிக்கு நிறைமாதம்.

“ஐயா, புள்ள பொறக்கிற நேரம்...” என்றான் சலீம். 

ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்த கொம்பினேஷன், நித்திரையால் எழும்பியவர் மாதிரி எழும்பினார்.

“ஏழு பேரில ரெண்டு பேர் எண்டால் இருபத்தொரு சோடி. முதல்முறை ஆரோ ஒரு சோடி வரத்தானே வேணும்? அது பிழையில்லை. அதே சோடி ரெண்டாம் முறையும் வர இருபத்தொண்டில ஒரு பங்கு. மூண்டாம் முறையும் வர நானூற்றி நாப்பத்தொண்டில ஒரு பங்கு. ஐயா, அந்தத் தொப்பியை ஒருக்காப் பாக்கலாமோ?”

“என்ன காணும், என்னைக் கள்ளன் எண்டுறீரோ?”

“நான் சொல்லேல்லை. கணக்குச் சொல்லுது.”

சொல்லிக்கொண்டே தொப்பியைக் கவிழ்த்துவிட்டார். மேசையில் ஐந்து சீட்டு விழுந்தது. ஒவ்வொன்றாக விரித்தார். ஐந்தும் பெயர் எழுதாத வெறும் கடதாசி!

சத்தம் கேட்டு, கந்தோருக்கு மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை வந்தார். பெரிய கிளாக்கரின் சட்டைப்பையைக் காட்டச் சொன்னார். அந்த இரண்டும் வெறும் கடதாசிதான். துரை ஏழு பெயரையும் தன் கையாலேயே எழுதிக் குலுக்கி, இரண்டை எடுத்தார்.

ஒன்று கொம்பினேஷன். மற்றது நான்.

நான் சீட்டை வாங்கித் திரும்பவும் வாசித்தேன். அவரோ பரிசு விழுந்தவர் மாதிரி, “இருபத்தொண்டில ஒண்டு!” என்று சிரித்தார்.

கோட்டை ஸ்டேஷனுக்குச் சலீம் வந்திருந்தான். கொம்பினேஷனின் கையைப் பிடித்தவன் ரயில் நகரும்வரை விடவில்லை. 

ராகமை தாண்டியதும் வெடித்தேன். “உம்மாலைதானே நானும் சாகப் போறன்!”

வெளியே வயல்கள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. அவர் அவற்றையே பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்:

“என்ரை பேர் வந்த உடனை, மற்றது உம்மடையா இருக்கவேணும் எண்டு நினைச்சனான். கணக்கில அப்பிடி நினைக்கக் கூடாது. தனியப் போகப் பயமாயிருந்தது.”

 கொஞ்ச நேரத்தில் அவர் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். மாகோ ஸ்டேஷன் வரைக்கும் நான் அந்தத் தோளை அசைக்கவில்லை.