ஜப்பான் சண்டையை நான் நிறுத்திய கதை

பெண் கேட்ட வீட்டில் எந்த வேலையையும் வலியப்போய்த் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. நான் போட்டுக்கொண்டேன்.

ஷீலாவின் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். மார்த்தாண்டத்தில் புதுவீடு கட்டியிருந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பாதி சம்மதம் தந்திருந்தார் (மீதிப் பாதி மீசைக்குள் இருந்தது). ஜப்பானில் வாங்கிய பழைய மரஅச்சுப் படம் ஒன்றை, குடிபுகும் நாள் ஜெபமான வீடு பிரதிஷ்டைக்குள் பிரேம் போட வேண்டும் என்றார். மூன்று தனித்தனித் தாள்கள். சேர்த்து வைத்தால் ஒரே போர்க்களம்: இரண்டு பக்கமும் சாமுராய்ப் படை, நடுவில் குதிரைமேல் தளபதி. யார் யாரை வெட்டுகிறார் என்று அரைமணி நேரம் விளக்கினார். நான் காப்பி கொண்டுவந்த ஷீலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் போட்டுக் கொண்டாறேன் மாமா."

"சூதானம் மக்கா. முப்பது வருசமா பெட்டிக்குள்ள வச்சுக் காப்பாத்துனதாக்கும்."

பிரேம் கடைக்காரர், "எது மொதல்ல?" என்றார். தாள்களின் பின்னால் பென்சிலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தது.

"நம்பர் இருக்குல்லா அண்ணாச்சி!" என்றேன், மகா மேதாவியாக. அவரும் இடப்பக்கத்திலிருந்து ஒட்டிவிட்டார். ஜப்பான்காரர்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்குவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

பிரதிஷ்டை அன்று காலையில் படத்தை மாட்டும்போது, கண்ணாடி கீறியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். அவ்வளவு பதற்றம். போதகர் ஜெபத்தைத் தொடங்க, எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் அரைக்கண்ணால் சுவரைப் பார்த்தேன். இரண்டு படைகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி, பிரேமைவிட்டு வெளியே பாய்ந்துகொண்டிருந்தன. நடுவில் தளபதி மட்டும் வெட்ட ஆளில்லாமல் வாளை ஓங்கிக்கொண்டு நின்றார்.

போச்சு, கல்யாணம் போச்சு. இந்த ஜெபம் முடியவே கூடாது ஆண்டவரே என்று தனியாக ஒரு ஜெபம் செய்தேன். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஜெபிக்கும் போதகர், அன்றைக்குப் பார்த்துப் பத்தே நிமிடத்தில் ஆமென் சொன்னார்.

மாமா கண்ணைத் திறந்தார். "ஏலே, எனக்க சண்ட எங்கலே போச்சு?"

"மாமா... நம்பரு..." என்றேன்.

போதகர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படத்தை உற்றுப் பார்த்தார். "இந்த வீட்டுல சமாதானம் உண்டாகணும்னு இப்பந்தான் ஜெபிச்சேன். இம்புட்டு சீக்கிரம் கேக்கப்படும்னு நெனைக்கல."

முதலில் சிரித்தது ஷீலாதான். மாமாவின் மீசை இரண்டுமுறை துடித்தது. பிறகு அவரும் வெடித்துச் சிரித்தார். மீதிப் பாதி சம்மதமும் அப்போதுதான் வெளியே வந்தது.

படத்தைப் பிரித்து மாற்ற மாமா விடவே இல்லை. இன்றும் நானும் ஷீலாவும் சண்டைபோட்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்:

"ஏட்டி, ஒங்களயும் இவன் நம்பர் பாத்துத்தான் இருத்தி வச்சானா?"